எங்கள் பள்ளிக்கூடத்தில் அறுபது முப்பதான கதை

2023 நவம்பரில் ஒரு பின்னேரம், பள்ளிக்கூட வாசலில் மகளைக் கூட்டிக்கொண்டு போக நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற தாய் குடைக்குள் போனை நீட்டினா. "இதைப் பாத்தனீங்களே? எங்கட பள்ளிக்கூடத்தை அரைவாசியாக்கப் போகினமாம்."

நாங்கள் இருப்பது லண்டனின் வடமேற்கில். எந்தக் கவுன்சில் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பள்ளிக்கூடத்தையும் கண்டுபிடித்துவிடுவீர்கள். போனில் இருந்தது கவுன்சிலின் அறிவித்தல்: 2025 செப்டம்பரிலிருந்து, முதலாம் வகுப்புக்கு முந்தின ரிசப்ஷன் வகுப்பின் அனுமதி எண்ணிக்கை 60இலிருந்து 30 ஆகக் குறையும், கருத்துச் சொல்ல விரும்புபவர்கள் ஜனவரி 12க்குள் சொல்லலாம். இந்த எண்ணிக்கையை இங்கே 'பான்' என்று ஒரே சொல்லாகச் சொல்வார்கள். சின்னவன் ரிசப்ஷன் தொடங்க வேண்டியது சரியாக அந்த 2025 செப்டம்பரில்.

அக்கா படிக்கும் பள்ளிக்கூடம் என்பதால் அவனுக்கு இடம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கோபம் வந்தது. போன வருஷம்தான் என்னைப் பள்ளிக்கூட நிர்வாக சபைக்குப் பெற்றோர் கவர்னராகத் தெரிவு செய்திருந்தார்கள். கவர்னர்மாருக்கு முதலே சொல்லியிருக்க வேண்டாமா? பிறகு மின்னஞ்சலைத் தேடிப் பார்த்தால் சொல்லித்தான் இருக்கிறார்கள். செப்டம்பர் மாதக் கடிதத்தில், 11வது பக்கத்தில். நான் வாசிக்கவில்லை.

முதலில் நாங்கள் செய்தது எல்லோரும் செய்வதுதான், கையெழுத்து வேட்டை. திருவெம்பாவைக் காலம். விடியப்புறப் பூசைக்குக் கோயிலில் நல்ல சனம். பிரசாதம் கொடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் நானும் இன்னும் இரண்டு தாய்மாரும் தாள்களோடு நின்றோம். ஒரு அக்கா பேனையை வாங்கிக்கொண்டே கேட்டா, "பிள்ளை, நான் இருக்கிறது சவுத்எண்டில. பரவாயில்லையே?" பரவாயில்லை அக்கா, போடுங்கோ என்றேன். மில்டன் கீன்ஸிலிருந்து வந்தவர்களும் போட்டார்கள். பத்து நாளில் 412 கையெழுத்து. பெருமையாக அனுப்பினேன். எங்கள் கவுன்சிலின் விதிப்படி அந்த பரோவில், அதாவது கவுன்சிலின் எல்லைக்குள், வசிப்பவர்கள், வேலை செய்பவர்கள், படிப்பவர்கள் போட்ட கையெழுத்துத்தான் கணக்கு. முகவரி இல்லாததெல்லாம் வெட்டு. 412இல் 270 சொச்சம் மிஞ்சியது. சவுத்எண்ட் அக்கா போய்விட்டா.

கோபம் இறங்கியது தலைமை ஆசிரியையின் அறையில். அவ ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு பெட்டி கீறினா. இந்த வருஷம் ரிசப்ஷனில் 41 பிள்ளைகள். ரிசப்ஷன், முதலாம், இரண்டாம் வகுப்புகளில் ஒரு ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்று 1998ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆக 41 பேருக்கும் இரண்டு வகுப்பு, இரண்டு ஆசிரியர், இரண்டு உதவியாளர். ஆனால் காசு தலைக்கணக்கில்தான் வரும், அதுவும் ஒக்டோபர் முதல் வியாழக்கிழமை எண்ணும் தலைக்கு. "41 பேருக்குக் காசு வருது, 60 பேருக்குச் செலவழிக்கிறேன்" என்றா. இரண்டாவது பெட்டிக்குள் 11 என்று எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டா. நான் கணக்கு அலுவலகத்தில் வேலை செய்பவள். அந்த வட்டத்தைப் பார்த்த பிறகு, ஒன்றையும் மாற்றக்கூடாது என்று என்னால் நேர்மையாகச் சொல்ல முடியவில்லை.

இது எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வந்த கேடும் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012இல் 729,674 பிள்ளைகள் பிறந்தன. 2022இல் 605,479. லண்டனில் வீட்டு வாடகை கொடுக்க முடியாமல் குடும்பங்கள் வெளியே போவதும் சேர்ந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இதே பள்ளிக்கூடத்தில் இடம் போதாமல் முற்றத்தில் தற்காலிகக் கொட்டில் போட்டு மேலதிக வகுப்பு நடத்தினார்கள். அந்தக் கொட்டில் இப்போது பழைய கதிரைகள் அடுக்கும் இடம்.

தலைமை ஆசிரியைதான் ஸ்குரூட்டினி கமிட்டிக்குப் போகச் சொன்னா. கவுன்சிலில் முடிவெடுப்பது கபினெட். அந்த முடிவுகளைத் துருவிக் கேள்வி கேட்பதற்கென்று, கபினெட்டில் இல்லாத உறுப்பினர்கள் இருக்கும் குழு ஸ்குரூட்டினி. அதனால் எதையும் தடுக்க முடியாது. பரிந்துரை செய்யலாம், கபினெட் இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சிறுவர் சேவைகளுக்கான ஸ்குரூட்டினி ஜனவரி 24 கூடுகிறது, பள்ளிக்கூட இடத் திட்டம் அங்கே வருகிறது என்றா.

பொதுமக்கள் கேள்வி கேட்கலாம் என்று இருந்தது. நான் இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். பள்ளிக்கூடத்தின் வரலாறு, பொங்கல் விழா, என் மகள் ஆங்கிலம் பழகிய விதம், எல்லாம் இருந்தது. அடுத்த நாள் கவுன்சிலின் ஜனநாயக சேவைப் பிரிவிலிருந்து ஒரு பெடியன் போன் எடுத்தான். மிகவும் மரியாதையான பெடியன். "இதில் கேள்வி எது?" என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கேள்வி 100 சொல்லுக்குள் இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வர வேண்டும், அறிக்கையை வாசித்துவிட்டு எழுதினால் நல்லது என்றான்.

அறிக்கை வந்தது செவ்வாய்க்கிழமை பின்னேரம். கூட்டத்துக்கு ஐந்து முழு வேலைநாள் முன்னால் நிகழ்ச்சி நிரலும் அறிக்கைகளும் வெளியாக வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டம். எங்கள் கவுன்சில் அந்த ஐந்து நாளுக்கு ஒரு மணித்தியாலமும் கூடக் கொடுக்கவில்லை. ஆக எனக்கு இருந்தது மூன்று இரவு. 214 பக்கம். பிள்ளைகளைப் படுக்கப் போட்டுவிட்டு, தேத்தண்ணியோடு சமையலறை மேசையில் இருந்தேன். அறிக்கையின் முன்பக்கங்களில் எல்லாம் வழுவழுப்பான வசனங்கள். விஷயம் கடைசியில், நான்காவது பின்னிணைப்பில், எறும்பு எழுத்தில் ஒரு அட்டவணையாகக் கிடந்தது.

வருஷம் கீழ்நோக்கி, வகுப்பு குறுக்காக. ரிசப்ஷன் நிரலை மேலிருந்து கீழே வாசித்தால் இலக்கம் தேய்ந்துகொண்டே போகிறது. கவுன்சில் அப்படித்தான் வாசித்திருந்தது. வேலையில் நிலுவைக் கணக்குப் பார்க்கும் பழக்கத்தில் நான் அதை மூலைவாட்டில் வாசித்தேன். 2020இல் ரிசப்ஷனுக்கு வந்தவர்கள் 44 பேர். அதே பிள்ளைகள் 2021இல் முதலாம் வகுப்பில் 46. பிறகு 49. இப்போது மூன்றாம் வகுப்பில் 52. பிறப்புக் குறைந்தாலும், வருஷ நடுவில் வந்து சேருகிறவர்கள் குறையவில்லை. வாசலில் நிற்கும் எனக்கு அவர்களைத் தெரியும். ஹொங்கொங்கிலிருந்து வந்தவர்கள், உக்ரேன் பிள்ளைகள், பராமரிப்பு வேலைக்கு விசா எடுத்து வந்த கேரளக் குடும்பங்கள், இத்தாலியிலும் பிரான்ஸிலும் இருந்துவிட்டு வந்த எங்கட சனம். ரிசப்ஷனை 30இல் பூட்டினால் அந்த 8 பேர் எங்கே போவார்கள்?

அதுதான் கேள்வி. 61 சொல்லில் முடிந்துவிட்டது. இவர் வாசித்துவிட்டு, "பொங்கலைக் காணேல்லை" என்றார்.

கூட்டம் மாலை 6.30க்கு. சின்னவனோடு வீட்டில் இருந்த இவர் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் விஷயம் ஏழாவது. அதற்கு முன்னால் இருந்தவற்றை நான் எதிர்பார்க்கவில்லை. கவுன்சிலின் பொறுப்பில் வளரும் பிள்ளைகள் எத்தனை பேர் இந்த வருஷம் மூன்று தடவைக்கு மேல் வீடு மாறினார்கள் என்று ஒரு அறிக்கை. விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான திட்டம் 20 கிழமைக்குள் முடிய வேண்டும் என்று சட்டம் இருக்க, ஏன் முடியவில்லை என்று இன்னொன்று. முன்வரிசையில் ஒரு தகப்பன் அதைக் கேட்டபடி தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். நான் பையிலிருந்த என் தாளை மடித்து வைத்தேன்.

கதிரைக் கணக்கும் பிள்ளைப் பாதுகாப்பும் ஏன் ஒரே மேசையில் என்று பிறகு ஒரு வயதான உறுப்பினர் எனக்குச் சொன்னா. 2000இல் விக்டோரியா கிளிம்பி என்ற எட்டு வயதுப் பிள்ளை லண்டனில் சித்திரவதைப்பட்டு இறந்தது. சமூக சேவை, ஆஸ்பத்திரி, பொலிஸ் எல்லோரும் அந்தப் பிள்ளையைக் கண்டிருந்தார்கள், ஒருவரும் காப்பாற்றவில்லை. அதை விசாரித்த லோர்ட் லேமிங்கின் அறிக்கை 2003இல் வந்தது. அதற்குப் பிறகு வந்த 2004ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம், கல்விக்கும் சிறுவர் பாதுகாப்புக்கும் சேர்த்து ஒரே பணிப்பாளர், ஒரே பொறுப்பு உறுப்பினர் என்று ஆக்கியது. எங்கள் அறுபதும் முப்பதும் அந்தப் பிள்ளையின் பெயரோடு ஒரே நிகழ்ச்சி நிரலில் வந்து சேர்ந்த வழி இதுதான்.

என் முறை வந்தபோது மணி ஒன்பதாகிவிட்டது. மைக்கில் ஒரு பொத்தான், அமர்த்தினால் சிவப்பு விளக்கு. அமர்த்தாமலே பாதிக் கேள்வியை வாசித்துவிட்டேன். திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். அதிகாரி பதில் சொன்னார்: லண்டன் மாநகர அதிகார சபையின் கணிப்பு முறையைத்தான் பயன்படுத்துகிறோம், அதில் குடிப்பெயர்வும் அடங்கும், பிந்தி வருபவர்களுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இடம் இருக்கும்.

ஒரு துணைக் கேள்விக்கு அனுமதி உண்டு. அதை நான் எழுதி வைத்திருக்கவில்லை, ஆனால் பின்னிணைப்பு கையில் இருந்தது. "அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் நான்கில் மூன்றின் எண்ணிக்கையும் இதே அறிக்கையில் குறைக்கப்படுகிறதே?" என்று கேட்டேன். அதிகாரி தாள்களைப் புரட்டினார். எழுத்தில் பதில் தருவதாகச் சொன்னார். தலைவர், கபினெட் கூட முன்னம் அந்தப் பதில் வர வேண்டும் என்று குறிப்பில் ஏற்றச் சொன்னார். அந்த வயதான உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒன்று கேட்டா: "காலியாகும் வகுப்பறைகளை என்ன செய்யப் போகிறீர்கள்?" அங்கேதான் கூட்டம் திரும்பியது. வகுப்பறைகளை வாடகைக்கு விடும் யோசனை ஒன்று இருந்திருக்கிறது.

குழு மூன்று பரிந்துரை செய்தது. ஒரு வருஷம் பொறுங்கள் என்பது ஒன்று. வகுப்பறைகளைக் கைவிட வேண்டாம் என்பது இன்னொன்று. இனிமேல் ஒவ்வொரு வருஷமும் இலக்கங்களை அதே பிள்ளைகள் மேல்வகுப்புக்குப் போகும் விதத்தில், அதாவது மூலைவாட்டில், அறிக்கையாகத் தர வேண்டும் என்பது மூன்றாவது. பெப்ரவரியில் கபினெட் முதலாவதை நிராகரித்தது. பெப்ரவரி 28க்குள் அனுமதி விதிகளைத் தீர்மானித்தாக வேண்டும் என்பதால் அவர்களுக்கும் அவசரம். 30 நிறைவேறியது. மற்ற இரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள்.

தோற்றுப்போனோம் என்று வாசலில் பலரும் சொன்னார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. எண்ணிக்கையைக் குறைக்க அக்டோபர் 1க்கும் ஜனவரி 31க்கும் இடையில் ஆறு கிழமையாவது கருத்துக் கேட்க வேண்டும். எண்ணிக்கையைத் திரும்பக் கூட்டுவதற்கு ஊரெல்லாம் கேட்கத் தேவையில்லை, கவர்னர் சபையைக் கேட்டால் போதும். அறை இருந்தால் கூட்டலாம், அறையை வாடகைக்கு விட்டுவிட்டால் எதைக் கூட்டுவது? அனுமதி விதியை எதிர்த்து மே 15க்குள் பள்ளிக்கூட நடுவர் அலுவலகத்துக்கும் எழுதலாம் என்று ஒருவர் சொன்னார். தலைமை ஆசிரியையின் வட்டம் மனதில் இருந்ததால் நான் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும் என்று ஒரு தாய் இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

கூட்டம் முடிந்த இரவு அந்த மரியாதையான பெடியன் வாசல் வரைக்கும் வந்தான். கல்வியைப் பார்க்கும் ஸ்குரூட்டினியில் பெற்றோர் கவர்னர்களின் பிரதிநிதிகள் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். கல்வி விஷயத்தில் அவர்களுக்கு வாக்கும் உண்டு. இங்கிலாந்துத் திருச்சபைக்கும் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் இருக்கிற மாதிரி. "இரண்டு கதிரையும் ஒரு வருஷமாகக் காலி" என்றான். தேர்தலுக்கு விண்ணப்பம் போட்டேன். வேறு ஒருவரும் போடவில்லை.

2025 ஏப்ரல் 16ஆம் திகதி சின்னவனுக்கு இடம் கிடைத்ததாக மின்னஞ்சல் வந்தது. முப்பதில் ஒருவன். இரண்டாவது வகுப்பறையில் இப்போது காலையில் பிரேக்பெஸ்ட் கிளப், பின்னேரத்தில் வயலின். சுவரில் பழைய ரிசப்ஷனின் எழுத்துப் படங்கள் அப்படியே இருக்கின்றன.

அடுத்த கூட்டத்துக்கான அறிக்கை நேற்றுப் பின்னேரம் வந்தது, 186 பக்கம். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு இருந்து, பின்னிணைப்பை முதலில் திறந்தேன்.