சீப்புக்குள் இருந்த பெண்

"அப்போ பாம்பைக் கொல்ற வரைக்கும் அவ சீப்பாவேதான் இருந்தாளா சித்தி?"

அக்கா மகள் இப்படிக் கேட்டபோது நான் 180 பக்கம் எழுதி முடித்திருந்தேன். அவளுக்குப் பதினான்கு வயது. அந்த வயதுப் பிள்ளைகளுக்காக, ஜப்பானியத் தொன்மத்தை வைத்து ஒரு மாயக்கதை நாவல். போர்க்காட்சிகளைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் மனதில் நின்றதோ நான் நான்கே வரியில் தாண்டிப்போன ஓர் இடம். அந்த 180 பக்கத்தையும் ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். எல்லாம் சேர்த்து மூன்று வருடம் ஆனது. வேறொரு நாட்டின் பழங்கதையைத் தமிழில் எழுத நினைக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வரைவில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். அனிமே பார்த்து வளர்ந்தவள் நான். தலையில் தண்ணீர்க் குழி உள்ள நீர்ப் பூதமான கப்பா, உருமாறும் நரியான கிட்சுனே, நூறு வயதானதும் உயிர் பெறும் பழைய குடை என்று எல்லோரையும் கூட்டிவந்து ஒரே காட்டில் விட்டிருந்தேன். கிமோனோ உண்டு, சாமுராய் உண்டு. நடுவில் ஓர் அத்தியாயமாக, சுசானோ கடவுள் எட்டுத் தலை ஒரோச்சிப் பாம்பைக் கொல்லும் கதை. அந்தக் கதை இருக்கும் கொஜிகி என்ற நூல் கி.பி. 712இல் தொகுக்கப்பட்டது. சாமுராய்கள் அதற்கு வெகுகாலம் கழித்து வந்தவர்கள். குடைப் பூதம் அவர்களுக்கும் பிந்தியது. இத்தனை நூற்றாண்டுகளை ஒரே பானையில் போட்டுக் கிளறியிருந்தேன்.

அவள் கேள்விக்குப் பதில் தேடித்தான் மூலக்கதையை வரிவரியாக வாசித்தேன். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. 1880களில் வந்த சேம்பர்லெயினின் ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கூச்சப்பட வேண்டிய இடங்களை மட்டும் அவர் லத்தீனில் எழுதிவிடுவார். அதைத் தாண்டிப் போனால், அடிக்குறிப்புகள் பெரிய புதையல்.

கதை இதுதான். வானுலகிலிருந்து துரத்தப்பட்ட சுசானோ, இசுமோ நாட்டில் ஹி ஆற்றங்கரையில் இறங்குகிறான். சாப்பாட்டுக் குச்சி ஒன்று ஆற்றில் மிதந்து வருகிறது. அப்படியென்றால் மேலே மனிதர்கள் இருக்கிறார்கள் என்று ஏறிப் போகிறான். அங்கே ஒரு கிழவனும் கிழவியும் நடுவில் ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு அழுகிறார்கள். மொத்தம் எட்டுப் பெண்கள். வருடா வருடம் பாம்பு வந்து தின்றது போக மிச்சம் இவள் ஒருத்தி. பாம்பு வரும் நேரமும் ஆகிவிட்டது. இவளை எனக்குத் தருவாயா என்று கேட்கிறான் சுசானோ. உங்கள் பெயர்கூடத் தெரியாதே என்கிறார் கிழவர். சூரிய தேவி அமத்தெராசுவின் தம்பி என்று தெரிந்ததும் சரி என்கிறார்கள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளைச் சீப்பாக மாற்றித் தன் கொண்டையில் செருகிக்கொள்கிறான்.

இங்கேதான் என் கண்ணில் ஒன்று பட்டது. சீப்பாக்கியது முதலில். அதற்கு அப்புறம்தான் மது காய்ச்சச் சொல்கிறான், அதுவும் எட்டு முறை திரும்பத் திரும்பப் புளிக்க வைத்த மது. வேலி கட்டி எட்டு வாசல் வைக்க வேண்டும், வாசலுக்கு ஒரு மேடை, மேடைக்கு ஒரு மதுத் தொட்டி. பாம்பின் எட்டுத் தலையும் அதைக் குடித்து மயங்கியதும் வெட்டிக் கொல்வதுதான் அவன் திட்டம். இதெல்லாம் ஒரே பொழுதில் முடிகிற வேலையா? அரிசி புளித்து மதுவாக எத்தனை நாள் ஆகும்! அத்தனை நாளும் அந்தப் பெண் ஓர் அந்நியனின் தலையில் சீப்பாக இருந்திருக்கிறாள். அப்பாவும் அம்மாவும் கீழே மரம் வெட்டுவதையும் அரிசி ஊறப்போடுவதையும் பார்த்துக்கொண்டு, வாய் பேச முடியாமல். நூல் அந்த நாட்களைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. என் நாவல் முழுக்க அந்த நாட்களில்தான் நடக்கிறது.

கப்பாவும் குடையும் கதையை விட்டுப் போய்விட்டன. வருத்தமே இல்லை.

அடுத்து அந்தச் சீப்பு எப்படி இருந்தது என்று தேடினேன். என் மனதில் இருந்தது நம் வீட்டுத் தட்டைச் சீப்பு. பழங்கால ஜப்பானியக் கல்லறைகளில் கிடைத்தவை வேறு மாதிரி: மூங்கிலை மெல்லிய ஈர்க்குகளாகப் பிளந்து, நடுவில் வளைத்து, வளைவுப் பக்கம் நூலால் இறுகக் கட்டி, மேலே கரிய அரக்கு பூசியிருப்பார்கள். பல் நீளம், அகலம் குறைவு, கொண்டை ஊசி போல நிமிர்ந்து நிற்கும். துடைப்பத்திலிருந்து ஈர்க்குகளை உருவி நானே ஒன்று கட்டிப் பார்த்தேன். வளைத்த இடத்தில் ஈர்க்கு முறியப் பார்க்கும். நூல் இறுகினால்தான் நிற்கும். அவள் சீப்பாக மாறும் அத்தியாயம் அன்றைக்கு ராத்திரியே வந்துவிட்டது. முதுகெலும்பு வளைகிறது, இடுப்பைச் சுற்றி நூல் இறுகுகிறது, அப்புறம் அரக்கின் சூடு.

கி.பி. 720இல் முடிந்த நிஹோன் ஷோகி என்ற இன்னொரு பழைய நூலில் இதே கதை வேறு வடிவங்களில் வருகிறது. பெற்றோர் அவளைத் தடவிக்கொடுத்தபடியே அழுதார்கள் என்று அதில் ஒரு வரி. அப்பா பெயர் அஷினசுச்சி, அம்மா பெயர் தெனசுச்சி. காலைத் தடவுபவர், கையைத் தடவுபவர் என்று பொருள் சொல்கிறார்கள். ஏழு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு இப்படி ஒரு பெயர். அதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

பெயர் விஷயத்தில் நான் பட்ட பாடு தனி. கொஜிகியில் அவள் குஷினதா. 'குஷி' என்றால் ஜப்பானிய மொழியில் சீப்பு. தமிழில் எழுதினால் நமக்கு வேறு குஷிதான் நினைவுக்கு வரும். பாம்புக்குப் பலியாகப் போகும் பெண்ணுக்கு அது ஒட்டவே ஒட்டாது. வழி நிஹோன் ஷோகியிலேயே இருந்தது. அதில் அவள் பெயர் குஷி இனதா. இனதா என்றால் நெல்வயல். அதனால் வீட்டில் அக்காமார் கூப்பிடும் பெயர் இனதா. சீப்பான பிறகு மட்டும் குஷினதா. ஒரு பதிப்பாளர், கதாநாயகியைச் சென்னைப் பெண்ணாக்கி லீவுக்கு ஜப்பான் போக வையுங்கள், படிக்கிற பிள்ளைகளுக்கு ஒட்டும் என்றார். நான் மறுத்துவிட்டேன். அந்த ஆறும் அந்த நெல்வயலும் இல்லாமல் இனதா இல்லை. வேறொரு பதிப்பாளர் அப்படியே எடுத்துக்கொண்டார்.

பாம்பை எழுதுவதும் நினைத்ததைவிட நாளாயிற்று. உடம்பில் பாசியும் மரங்களும் வளர்ந்து, எட்டுப் பள்ளத்தாக்கையும் எட்டுக் குன்றையும் அடைத்துக் கிடக்கும் பாம்பு. வயிறு எப்போதும் ரத்தமாக இருக்கும். கண்கள் ஒரு பழத்தைப் போலச் சிவந்தவை. என்ன பழம் என்று பார்த்தால், நம் ஊர் வேலியோரத்துச் சொடக்குத் தக்காளியின் இனம். அங்கே அதன் உறை செக்கச்செவேல் என்றிருக்கும். தமிழில் எழுதும்போது இப்படி ஒன்று கைக்குக் கிடைத்தால் பெரிய சந்தோஷம். பாம்பு என்பது வெள்ளம் வந்து வயலை அழிக்கும் ஹி ஆறுதான் என்று பலர் சொல்வதுண்டு. அந்த மலைகளில் இரும்பு மணல் எடுத்து உருக்கியிருக்கிறார்கள். சுசானோ வெட்டும்போது பாம்பின் வாலிலிருந்து வாள் வருவதை அதோடு சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. நான் எதையும் விளக்கவில்லை. பாம்பு வரும் முன்னால் ஆற்றுத் தண்ணீர் துருநிறமாக மாறுகிறது, அவ்வளவுதான்.

மாயக்கதைக்கு வேண்டிய மாயம் கடைசியாக வந்தது. கொஜிகியில் இதற்கு முன்பே ஒரு சீப்பு வருகிறது. செத்துப்போன மனைவி இசனாமியைத் தேடி யோமி என்ற இருட்டு உலகத்துக்குப் போன இசனாகி என்ற கடவுள், பார்க்காதே என்று அவள் சொல்லியும் கேட்காமல், தன் சீப்பின் ஓரப் பல்லை ஒடித்துக் கொளுத்திப் பார்க்கிறான். அவள் உடம்பெல்லாம் புழு. அந்தச் சீப்புக்கும் இனதா ஆன சீப்புக்கும் சேம்பர்லெயினில் ஒரே பெயர்தான்: பல் நெருங்கிய சீப்பு. அப்படியானால் சீப்புக்குள் இருப்பவளுக்கு யோமியின் இருட்டு தெரியலாம் இல்லையா? தின்னப்பட்ட ஏழு அக்காமாரும் அங்கேதானே இருப்பார்கள்? சீப்பின் ஏழு பல்லுக்கு ஏழு குரல் வைத்தேன். இது முழுக்க என் கற்பனை. முன்னுரையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

அவள் எப்போது மறுபடி பெண்ணானாள் என்பதையும் கொஜிகி சொல்வதில்லை. பாம்பு செத்ததும் சுசானோ சுகா என்ற இடத்தில் மாளிகை கட்டி, மனைவியை உள்ளே வைக்க எட்டடுக்கு வேலி என்று பாடுகிறான். நான் அந்த வேலிக்கு முந்திய நாளோடு நாவலை முடித்தேன். இனதா தனியாக ஆற்றுக்குப் போகிறாள். அக்காளுக்கு ஒன்றாக ஏழு சாப்பாட்டுக் குச்சிகளைத் தண்ணீரில் விடுகிறாள்.

இந்த முறையும் முதலில் படித்தவள் அக்கா மகள்தான். படித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் சொன்னாள்: "எட்டா விடணும் சித்தி. பழைய இனதாவும் போயிட்டாதானே?"

அன்றைக்கு ராத்திரியே எட்டு என்று திருத்தினேன்.