மின்கம்பி முடியும் இடத்திலிருந்து: சரக்கு ரயிலுக்கு இரட்டை முறை எஞ்சின்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் ஃபீலிக்ஸ்டோ, பிரிட்டனின் மிகப் பெரிய கன்டெய்னர் துறைமுகம். அங்கிருந்து இப்ஸ்விச் வரை செல்லும் கிளைப்பாதையின் நீளம் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல்; அதில் மின்கம்பி கிடையாது. ஆனால் இப்ஸ்விச்சிலிருந்து லண்டனுக்கும், லண்டனின் வடபகுதியைச் சுற்றி மேற்குக் கடற்கரை முதன்மைப் பாதையைப் பிடித்து குரூ, மான்செஸ்டர், கிளாஸ்கோ வரைக்கும் 25 கிலோவோல்ட் மின்கம்பி அறுபடாமல் போகிறது. அப்படியிருந்தும் ஃபீலிக்ஸ்டோவிலிருந்து கிளம்பும் சரக்கு ரயில்களில் பெரும்பாலானவை முழுத் தொலைவையும் டீசலிலேயே கடக்கின்றன. முதல் இருபது கிலோமீட்டரில் கம்பி இல்லாத காரணத்தால், அதற்குப் பின் வரும் முந்நூறு, நானூறு கிலோமீட்டர் மின்பாதை அந்த ரயில்களுக்குப் பயன்படாமல் போகிறது. கம்பியின் கீழே மின்சாரத்திலும், கம்பி இல்லாத இடத்தில் டீசலிலும் ஓடும் இரட்டை முறை எஞ்சின்தான் இதற்கு விடை.

இதை இப்ஸ்விச் நிலையத்தில் கண்கூடாகப் பார்க்கலாம். ஒரு நடைமேடையில் லண்டன் செல்லும் மின்சாரப் பயணிகள் ரயில் ஓசையின்றி நகரத் தொடங்கும். அதே கம்பிகளின் கீழே, அடுத்த பாதையில், கிளாஸ் 66 என்ற வகை டீசல் எஞ்சின் ஒன்று நீண்ட கன்டெய்னர் வரிசையை இழுத்துக்கொண்டு மெதுவாக வளைவைத் திரும்பி வரும். பன்னிரண்டு சிலிண்டர் கொண்ட அந்த இரு வீச்சு எஞ்சினின் அதிர்வு நடைமேடையில் நிற்பவரின் நெஞ்சுக்கூட்டில் தெரியும். அது கடந்து போன பிறகும் டீசல் புகையின் வாடை சற்று நேரம் கூரைக்கடியில் தங்கியிருக்கும். புகை எழும்பிச் சூழ்வது, அந்த ரயிலை இழுத்திருக்கக்கூடிய மின்கம்பியைத்தான். எனக்கு ரயில்வேயில் இதைவிட வருத்தம் தரும் காட்சி அதிகம் இல்லை.

எஞ்சினை மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். ஈரோட்டில் மின் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டிய காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அந்த வேலை எவ்வளவு நேரத்தைத் தின்னும் என்பது தெரியும். கன்டெய்னர் ரயில்களை ஓட்டும் ஃபிரைட்லைனர் நிறுவனம் இப்ஸ்விச்சில் பல ஆண்டுகள் அதைச் செய்தது. துறைமுகத்திலிருந்து டீசல் எஞ்சின் கொண்டுவந்த ரயிலை, இப்ஸ்விச் யார்டில் இரண்டு கிளாஸ் 86 மின் எஞ்சின்களோ ஒரு கிளாஸ் 90-ஓ ஏற்றுக்கொண்டு குரூ வரை இழுத்துச் சென்றன. ரயிலை நிறுத்தி, பிரேக் குழாயைப் பிரித்து, கொக்கியைக் கழற்றி, பழைய எஞ்சினை விலக்கி, புதிய எஞ்சினைப் பின்னோக்கிக் கொண்டுவந்து மாட்டி, கடைசி வேகன் வரை பிரேக் காற்று போய்ச் சேருகிறதா என்று சோதித்த பிறகே ரயில் நகர முடியும். அதற்குள் நெரிசலான முதன்மைப் பாதையில் அதற்கென ஒதுக்கிய நேரம் தவறிப்போனால், அடுத்த இடைவெளி கிடைக்கும் வரை, ரயில்கள் ஒதுங்கி நிற்கும் பக்கத் தடமான லூப் லைனில் காத்துக் கிடக்க வேண்டும். போதாக்குறைக்கு, ஒரு ரயிலுக்காக இரண்டு வகை எஞ்சின்களையும் இரு வகைக்கும் பயிற்சி பெற்ற ஓட்டுநர்களையும் பராமரித்தாக வேண்டும்.

அப்படியானால் துறைமுகம் வரை கம்பியைக் கட்டிவிட்டால் போதாதா? கிளைப்பாதைக்குக் கட்டலாம், கட்டவும் வேண்டும். ஆனால் துறைமுகத்தின் உள்ளே, கன்டெய்னர் ஏற்றி இறக்கும் தடங்களின் மேல், கம்பி கட்டவே முடியாது. கன்டெய்னரை வேகனிலிருந்து மேல்நோக்கித் தூக்குவது கிரேனின் வேலை. அந்த இடத்தில் 25,000 வோல்ட் கம்பி தொங்கினால் கிரேன் இயங்க இடமில்லை. கல்குவாரி, சிமென்ட் ஆலை, மரக்கிடங்கு, எஃகு ஆலை எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். பயணிகள் ரயிலின் பயணம் நிலையத்தில் முடிகிறது. சரக்கு ரயிலின் பயணம் கிரேனுக்கு அடியில்தான் முடிகிறது. ஆகவே ஒரு நாட்டின் பாதைகள் முழுவதும் மின்மயமானாலும் சரக்கு எஞ்சினுக்குக் கடைசிச் சில நூறு மீட்டர்களுக்கு வேறொரு ஆற்றல் மூலம் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். இரட்டை முறை எஞ்சினைத் தற்காலிக ஏற்பாடு என்று ஒதுக்குபவர்கள் இந்த ஒன்றைக் கணக்கில் கொள்வதில்லை.

தொழில்நுட்பம் இன்று இதற்கு மிகவும் இசைவாக இருக்கிறது. நவீன மின் எஞ்சினில், கம்பியிலிருந்து, எஞ்சினின் கூரையில் உயர்ந்து அதைத் தொடும் பான்டோகிராஃப் வழியாக இறங்கும் மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மரில் குறைந்த அழுத்தத்துக்கு வந்து, நேர்மின்சாரமாக மாறி, பின் இன்வெர்ட்டர்களின் வழியே மூன்று கட்ட மாறுமின்சாரமாகி மோட்டார்களை இயக்குகிறது. டீசல் எஞ்சினிலும் ஆல்டர்னேட்டரில் பிறக்கும் மின்சாரம் நேர்மின்சாரமாக மாறி அதே போன்ற இன்வெர்ட்டர்களுக்குத்தான் போகிறது. நடுவில் இருக்கும் அந்த நேர்மின்சார இணைப்பு இரண்டுக்கும் பொதுவானது. அதற்கு மேலே எந்த மூலத்தை இணைத்தாலும், கீழே உள்ள இன்வெர்ட்டருக்கும் மோட்டாருக்கும் வேறுபாடு தெரியாது. கம்பி முடியப்போகும் இடத்துக்கு முன்பே டீசலை ஓடவிட்டு, இழுவையைக் குறைத்து, மின்சுற்றைத் துண்டித்து, பான்டோகிராஃபை இறக்கிவிட்டு மீண்டும் இழுவையைக் கூட்டினால் மாற்றம் முடிந்துவிடும். யாரும் கீழே இறங்க வேண்டியதில்லை.

சிக்கல் முழுவதும் எடையில் இருக்கிறது. இதற்கு டைரக்ட் ரயில் சர்வீசஸ் என்ற பிரிட்டிஷ் சரக்கு ரயில் நிறுவனத்தின் இரு வகை எஞ்சின்கள் நல்ல சான்று. ஸ்பெயினின் வலென்சியாவில் உருவான கிளாஸ் 68, ஏறத்தாழ 85 டன் எடையும் நான்கு அச்சுகளும் உள்ள டீசல் எஞ்சின். அதன் ஆற்றல் 2,800 கிலோவாட். அதே குடும்பத்தில், அதே எடையில், 2017-இல் வந்த கிளாஸ் 88 கம்பியின் கீழே 4,000 கிலோவாட் தருகிறது. ஆனால் டிரான்ஸ்ஃபார்மருக்கு இடமும் எடையும் ஒதுக்கிய பிறகு டீசலுக்கு எஞ்சியது 708 கிலோவாட் மட்டுமே.

இந்த 708 கிலோவாட் எதற்குப் போதும், எதற்குப் போதாது என்பதைத் தோராயமாகக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. சக்கரத்துக்குப் போய்ச் சேருவது 600 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். 1,500 டன் ரயிலைச் சமதளத்தில் மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்ட அது போதும். துறைமுகக் கிளைப்பாதைக்கு வேறென்ன வேண்டும்? இனி அதே ரயிலை மேற்குக் கடற்கரைப் பாதையில், டீபே ஊரைத் தாண்டி ஷாப் மேட்டுக்கு ஏறும் 75-க்கு 1 சரிவில் (75 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும்) நிறுத்திப் பார்ப்போம். அங்கே புவியீர்ப்பையும் உராய்வையும் சேர்த்து ஏறத்தாழ 225 கிலோநியூட்டன் விசை வேண்டும். டீசலில் கிளாஸ் 88 மணிக்குப் பத்துக் கிலோமீட்டர்கூட எட்டாது. கிளாஸ் 66 முப்பதைச் சற்றுத் தாண்டும். கம்பியிலிருந்து 4,000 கிலோவாட் எடுக்கும் அதே கிளாஸ் 88 அறுபதுக்கு மேல் ஏறிப்போகும். மின்சார இழுவையின் அருமை புகையின்மையில் மட்டும் இல்லை. டீசல் எஞ்சின் தன் ஆற்றலைத் தானே சுமந்து செல்வதால் ஓர் எல்லைக்கு மேல் போக முடியாது. கம்பிக்கு அந்த எல்லை இல்லை. மேட்டில் வேகமாக ஏறும் சரக்கு ரயில், பின்னால் வரும் பயணிகள் ரயிலுக்கு வழிவிட லூப் லைனில் ஒதுங்க வேண்டிய தேவையும் குறைகிறது.

ஃபீலிக்ஸ்டோ ரயில்கள் எல்லாமே லண்டன் வழியாகப் போவதில்லை. பல ரயில்கள் இப்ஸ்விச்சுக்கு வடக்கே உள்ள ஹாலியில் பிரிந்து, ஈலி, பீட்டர்பரோ, லெஸ்டர் வழியாக நனீட்டன் சென்று மேற்குக் கடற்கரைப் பாதையைச் சேர்கின்றன. லண்டன் நெரிசலைத் தவிர்க்கும் இந்தக் குறுக்குவழியில் கம்பியில்லாத இடைவெளி இருநூறு கிலோமீட்டருக்கு மேல். அதை 708 கிலோவாட் டீசலால் கனரக ரயிலோடு கடப்பது நடவாத காரியம். ஆக, இடைவெளிகள் இரண்டு வகை: பயணத்தின் முனையில் வரும் சிறு இடைவெளி, நடுவில் வரும் பெரிய இடைவெளி. இரண்டுக்கும் ஒரே எஞ்சினைப் பரிந்துரைப்பது தவறு.

இரண்டாவது வகைக்கான விடைதான் கிளாஸ் 99. ஜிபி ரயில்ஃபிரைட் என்ற சரக்கு ரயில் நிறுவனத்துக்காக 2022-இல் முப்பது எஞ்சின்களுக்கு ஆணை தரப்பட்டது. ஸ்டாட்லர் நிறுவனம் அதே வலென்சியா ஆலையில் இவற்றைக் கட்டுகிறது. ஆறு அச்சுகளும் சுமார் 113 டன் எடையும் 500 கிலோநியூட்டன் இழுவிசையும் கொண்ட இந்த எஞ்சின், கம்பியின் கீழே 6,000 கிலோவாட் அளவிலும் டீசலில் சுமார் 1,800 கிலோவாட் அளவிலும் ஆற்றல் தருகிறது. கிளாஸ் 66-இன் டீசல் ஆற்றல் 2,460 கிலோவாட் என்பதால், கம்பியில்லாத இடத்தில் புதியது பழையதைவிட வலிமை குறைந்ததாகத் தோன்றலாம். ஆனால் ஈலிக்கும் பீட்டர்பரோவுக்கும் இடையில் இருப்பது சதுப்பு நிலத்தை வடித்து உருவாக்கிய சமவெளி; சொல்லிக்கொள்ளும்படியான மேடு எதுவும் கிடையாது. ரயிலைக் கிளப்பும் இழுவிசையிலோ, 409 கிலோநியூட்டன் உள்ள கிளாஸ் 66-ஐப் புதியது தாண்டிவிடுகிறது. அந்த நிலத்துக்கு இந்த டீசல் அளவு சரியாகத்தான் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்பது என் கருத்து.

இந்த எண்ணம் புதியதும் அல்ல. 1923-இல் வந்த காஃப்மன் சட்டம் நியூயார்க் நகருக்குள் நீராவி எஞ்சின்களைத் தடை செய்தபோது, நியூயார்க் சென்ட்ரல் ரயில்வே மன்ஹாட்டனின் மேற்குப் பகுதிச் சரக்குப் பாதைக்காக மூன்றாம் தண்டவாளம் (தடத்தை ஒட்டித் தரையில் மின்சாரம் தரும் தண்டவாளம்), பேட்டரி, 300 குதிரைத்திறன் டீசல் ஆகிய மூன்றையும் கொண்ட எஞ்சின்களை வாங்கியது. தென் இங்கிலாந்தில் 1962-இல் வந்த கிளாஸ் 73, மூன்றாம் தண்டவாளத்தில் 1,600 குதிரைத்திறனும் டீசலில் 600 குதிரைத்திறனும் தந்தது. அதற்கான காரணமும் மேலே சொன்னதைப் போன்றதுதான். ஊழியர்கள் தடங்களுக்கு நடுவே நடந்து வேகன்களை மாட்டும் சரக்கு யார்டில், தரையோடு தரையாக மின்சாரம் பாயும் தண்டவாளத்தைப் போடுவது உயிருக்கு ஆபத்து. மொத்தம் 49 எஞ்சின்கள் கட்டப்பட்டன. அவற்றில் சில அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஓடுகின்றன. அவற்றுள் சிலவற்றுக்குப் புது டீசல் பொருத்தி ஓட்டுவதும் ஜிபி ரயில்ஃபிரைட்தான் என்பதால், கிளாஸ் 99-ஐ வாங்க அந்த நிறுவனம் முன்வந்ததில் எனக்கு வியப்பில்லை. ஜெர்மனியில் சீமென்ஸ் கட்டும் வெக்ட்ரான் இரட்டை முறை எஞ்சினுக்கு, அந்நாட்டுச் சரக்கு ரயில் நிறுவனமான டிபி கார்கோ 2020-இல் நானூறு வரை வாங்கலாம் என்ற ஒப்பந்தம் போட்டது. முதல் தவணை நூறு.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்காக. 2021 அக்டோபரில் மின்சார விலை கடுமையாக ஏறியபோது, ஃபிரைட்லைனர் தன் மின் எஞ்சின்களை ஓரங்கட்டிவிட்டு அந்த ரயில்களை டீசலில் ஓட்டியது. அந்த நிறுவனத்தைக் குறை சொல்லி ஆகப்போவது எதுவும் இல்லை. லாரியோடு போட்டியிடும் தொழிலில் லாப விளிம்பு மெல்லியது. ஆனால் அப்போது எஞ்சினையே மாற்ற வேண்டியிருந்தது. இரட்டை முறை எஞ்சினில், கம்பியின் கீழே ஓடிக்கொண்டே டீசலைப் பயன்படுத்த ஒரு கட்டளை போதும். பிரிட்டனில் ரயில்வேக்கான டீசலுக்கு வரிச் சலுகை 2022-க்குப் பிறகும் நீடிக்கிறது. டீசல் மலிவாகவும் மின்சாரம் விலை கூடியும் இருக்கும் நாளில், பான்டோகிராஃபை உயர்த்தச் சொல்லி எந்த மேலாளர் உத்தரவிடுவார்? எஞ்சினை வாங்குவதோடு நிற்காமல், சரக்கு ரயிலுக்கான மின்கட்டணத்தையும் அரசு சீர்செய்ய வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. எஞ்சின் இடைவெளியைத் தாண்டிவிடுகிறதே, இனி எதற்குக் கம்பி என்று நிதித்துறை கேட்கக்கூடும். பிரிட்டனின் பாதை நீளத்தில் மின்மயமானது ஏறத்தாழ 38 சதவீதம்தான் என்பதால் இந்தக் கேள்வி அங்கே உடனே எடுபடும். மேலே போட்ட ஷாப் கணக்கே அதற்குப் பதில்: இரட்டை முறை எஞ்சினின் முழு வலிமையும் கம்பியின் கீழேதான் வெளிப்படுகிறது. ஒரு ரயில் எஞ்சின் முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைக்கும். இன்று வாங்கும் கிளாஸ் 99, நாளை ஹாலியிலிருந்து ஈலி வரை கம்பி வந்தால் அன்றே அந்த அறுபது கிலோமீட்டரை மின்சாரத்தில் கடக்கும். பீட்டர்பரோ வரை வந்தால் அதற்கேற்ப டீசலை இன்னும் குறைக்கும். இதற்காக எஞ்சினில் ஒரு திருகாணியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. கம்பி கட்டுபவர்களும் மொத்தப் பாதையும் முடியும் வரை காத்திருக்காமல், கட்டி முடித்த ஒவ்வொரு பகுதியையும் உடனுக்குடன் சரக்கு ரயிலுக்குத் திறந்துவிடலாம்.