பெயர் அப்புறம், பார்த்ததைச் சொல்

கால்நடை நோய்க்குறியியலில் (பேத்தாலஜி) ரெசிடென்ஸி என்னும் நிபுணர் பயிற்சிக்காக அமெரிக்கா வந்து மூன்றாவது வாரம். போஸ்ட்மார்ட்டம் மேசையில் ஒன்பது வயது கோல்டன் ரெட்ரீவர் ஒன்று கிடந்தது. முந்தின நாள் மாலை வரை நன்றாக விளையாடியதாம். காலையில் ஈறெல்லாம் வெளுத்துச் சரிந்துவிட்டது. வயிற்றைத் திறந்ததும் உள்ளே முழுக்க ரத்தம். மண்ணீரலில் தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி, ஒரு பக்கம் கிழிந்திருந்தது.

"என்ன தெரிகிறது?" என்று கேட்டார் பேராசிரியர்.

"ஹெமாஞ்சியோசார்கோமா" என்றேன். எனக்குச் சந்தேகமே இல்லை. வயதான கோல்டன், கிழிந்த மண்ணீரல் கட்டி, வயிறு நிறைய ரத்தம் என்றால் அந்த ரத்தநாளப் புற்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும்.

"நோயின் பெயரை நான் கேட்கவில்லையே."

திணறித் திணறிச் சொன்னேன். கருஞ்சிவப்பு, உருண்டை, குறுக்களவு 12 செ.மீ., தொட்டால் மெத்தென்று இருக்கிறது, வெட்டினால் உள்ளே அடுக்கடுக்காய் உறைந்த ரத்தம். "இது போதும். மீதியை மைக்ரோஸ்கோப் சொல்லட்டும்" என்று அவர் கையுறையைக் கழற்றிவிட்டுப் போய்விட்டார். சில நாள் கழித்து ஸ்லைடு வந்தது. புற்றுச் செல் ஒன்றுகூட இல்லை. கட்டியின் வெவ்வேறு இடங்களிலிருந்து இன்னும் ஆறு துண்டு எடுத்துப் பார்க்கச் சொன்னார். அவற்றிலும் இல்லை. வெறும் ரத்தக்கட்டு, ஹீமட்டோமா. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது என்பதை நான் பாடமாகவே படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தேன். இருந்தும் வாய் முந்திக்கொண்டது.

நான் படித்தது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில். காலையில் போனால் பண்ணைக்காரர்கள் உரச்சாக்கில் செத்த கோழிகளோடு வந்து நிற்பார்கள். நாலு கோழியை அறுத்து, சுரப்பி இரைப்பையில் புள்ளி புள்ளியாய் ரத்தக்கசிவு இருந்தால் வெள்ளைக்கழிச்சல் என்னும் தொற்றுநோயைச் சந்தேகித்து உடனே சொல்லிவிட வேண்டும். பண்ணையில் ஆயிரக்கணக்கான கோழிகள் மிச்சம் இருக்கும்போது, நிறத்தையும் அளவையும் விவரித்துக்கொண்டிருந்தால் பண்ணைக்காரர் அடிக்க வந்துவிடுவார். அங்கே வேகம்தான் திறமை. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பழக்கத்தோடு அமெரிக்கா போனதால், முதல் ஒரு வருடம் படித்ததை மறப்பதிலேயே போனது.

கால்நடை மருத்துவ முதுநிலைப் படிப்பான எம்.வி.எஸ்சி.யைப் பேத்தாலஜியில் முடிக்கும்போதுதான் சீனியர் ஒருவர் இந்த வழியைச் சொன்னார். வெளிநாட்டில் படித்த கால்நடை மருத்துவர் அமெரிக்காவில் சிகிச்சை பார்க்க வேண்டுமானால் தனித் தேர்வுகள், உரிமம் என்று நீண்ட பாதை இருக்கிறது. பேத்தாலஜி ரெசிடென்ஸிக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அந்த உரிமத்தைக் கேட்பதில்லை. நாம் பார்ப்பது செத்த பிராணிகளையும் திசுத் துண்டுகளையும்தானே. ரெசிடென்ஸி மூன்று வருடம், அதோடு சேர்த்துப் பிஎச்டி செய்தால் மொத்தம் ஆறேழு வருடம். முடிவில் அமெரிக்கக் கால்நடை நோய்க்குறியியல் கல்லூரியின் போர்டு தேர்வு. கல்லூரி என்றதும் கட்டடம், வகுப்பறை என்று நினைக்க வேண்டாம். 1949இல் தொடங்கிய தொழில்முறை அமைப்பு அது. அதன் தேர்வில் தேறினால்தான் அங்கே நிபுணர் என்று பெயர்.

பதினொரு இடத்துக்கு விண்ணப்பித்தேன். மூன்று இடத்திலிருந்து ஸ்கைப் நேர்காணல், ஒரே ஒரு இடத்திலிருந்து "வா". விண்ணப்பத்தில் நான் செய்த பெரிய தப்பு நோக்கக் கடிதம்தான். சின்ன வயதிலிருந்தே ஆடு மாடு என்றால் உயிர் என்று இரண்டு பத்தி எழுதியிருந்தேன். நேர்காணலில் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டதெல்லாம் எத்தனை போஸ்ட்மார்ட்டம் தனியாகச் செய்திருக்கிறாய், எந்தக் கேஸ் உன்னைக் குழப்பியது என்பதுதான். நல்லவேளையாக நாமக்கல் கோழிக் கணக்கு கைகொடுத்தது.

விஷயம் தெரிந்ததும் அம்மா, "ஏங்கண்ணு, செத்த மாட்டை அறுக்கவா அவ்வளவு தூரம் போறே? இங்கே இல்லாத மாடா?" என்றார். அதற்கு என்னிடம் இன்றுவரை சரியான பதில் இல்லை.

ரெசிடென்ஸி என்றால் முறைவைத்து வேலை. ஒரு வாரம் போஸ்ட்மார்ட்டம் கூடம், அடுத்த வாரம் பயாப்ஸி, அதாவது உயிரோடு இருக்கும் பிராணியிலிருந்து வெட்டியெடுத்து அனுப்பும் திசுவைச் சோதிப்பது. கூடத்து வாரத்தில் சனி ஞாயிறு என்றெல்லாம் கிடையாது. குதிரை செத்தால் ராத்திரியும் போன் வரும். அறுத்து முடித்து வீட்டுக்குப் போனால் தலைமுடியில் வாடை போகாது. பயாப்ஸி வாரத்தில் வாடை இல்லை, பயம் உண்டு. கட்டியை எடுத்த ஓரத்தில் மை தடவி வெட்டுவோம். மை பட்ட ஓரம் வரை புற்றுச் செல் வந்திருக்கிறதா இல்லையா என்று நாம் எழுதும் ஒரு வரியை வைத்துத்தான் அந்த நாய்க்கு மறு ஆபரேஷன் வேண்டுமா என்று முடிவு செய்வார்கள். முதல் வருடம் நான் எழுதும் ஒவ்வொரு அறிக்கையையும் பேராசிரியர் திருத்திக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே போகும். திருத்தம் என்றால் ஏதோ ஒன்றிரண்டு எழுத்துப் பிழை இல்லை. பல நாள் என் வாக்கியமே மிஞ்சாது.

ஒரு முறை ஆட்டின் ஈரலை மூன்று விரற்கடைத் தடிமனுக்கு வெட்டி, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிட்டேன். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் கூடாது, திசுவைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும் என்பது பாலபாடம். அவசரம். இரண்டு நாள் கழித்து வெட்டிப் பார்த்தால் வெளியே சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருக்கிறது, நடுவில் சிவப்பாகக் கொழகொழவென்று அழுகியிருக்கிறது. கேஸ் போச்சு. அந்தத் துண்டை ஒரு சீனியர் ரெசிடென்ட் படமெடுத்து, புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்றே வைத்துக்கொண்டார்.

இந்தப் படிப்புக்கு வர நினைப்பவர்கள் ஒன்றை இப்போதே செய்யலாம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் சில்வர் ஸ்பிரிங்கில் இருக்கும் ஜாயின்ட் பேத்தாலஜி சென்டர், புதன்கிழமை ஸ்லைடு கான்ஃபரன்ஸ் என்று வாரம் நான்கு கேஸ் நடத்துகிறது. கேஸ் விவரம், விளக்கம் எல்லாமே இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும். நாமக்கல்லில் இருந்தே நான் படித்திருக்கலாம். அப்படி ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லை.

மூன்று வருடம் முடிந்து, ஓரளவு கேஸ் பார்க்கத் தெரியும் என்ற தெம்பு வந்த நேரத்தில் பிஎச்டி தொடங்கியது. மறுபடியும் ஒன்றாம் வகுப்பு. போதாததற்குப் பணம். அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.எச். தரும் டி32 பயிற்சி மானியம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் மட்டும்தான். நம்மைப் போன்றவர்களுக்கு வழிகாட்டியின் ஆய்வு மானியமோ துறையின் பணமோ இருக்க வேண்டும். சேரும் முன்பே, "நாலாவது வருடத்திலிருந்து எனக்குச் சம்பளம் யார் தருவார்கள்?" என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். நான் கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். ஒரு கோடைக்காலம் முழுக்க வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டு இருந்தேன்.

என் ஆய்வு மாடுகளுக்கு வரும் ஜோனிஸ் நோய் பற்றியது. காசநோய்க் கிருமியின் சொந்தக்காரக் கிருமி ஒன்று குடலில் தங்கி, வருடக்கணக்கில் ஓசையில்லாமல் இருந்து, கடைசியில் மாட்டைக் கழிந்து கழிந்தே எலும்பாக்கிவிடும். சிறுகுடலின் கடைப்பகுதி தடித்து, உள்பக்கம் மூளை மடிப்பு மாதிரி ஆகிவிடும். அங்கேயும் பக்கத்து நிணநீர்க் கணுக்களிலும் கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் என்ன செய்கின்றன என்பதுதான் என் கேள்வி. அதற்கு ஒரு புரதத்தை, அதில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடி வைத்துச் சாயமேற்ற வேண்டும். கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் மனிதனுக்கோ எலிக்கோ ஆனவை. மாட்டுத் திசுவில் அது ஒட்டுமா என்று நாமே சோதித்துப் பார்க்க வேண்டும். மூன்று ஆன்டிபாடி வீணாயின. நாலாவது ஒட்டியது. நிணநீர்க் கணுவில் சாயம் ஏறிய பழுப்பு நிறத்தில் செல்கள் அள்ளிக் கொட்டிக் கிடந்தன. இரண்டு மாதம் ராப்பகலாக எண்ணி, அட்டவணை போட்டு, ஆய்வகக் கூட்டத்தில் காட்டினேன்.

ரெட்ரீவரை அறுத்த அன்று என்னோடு நின்ற அதே பேராசிரியர் பின்வரிசையில் இருந்தார். "இந்தப் பழுப்பு எங்கே இருக்கிறது?" என்றார்.

"பாசிட்டிவ் செல்களில்."

"பாசிட்டிவ் என்பது பெயர். பழுப்பு எப்படி இருக்கிறது?"

திரையைப் பார்த்தேன். கொஞ்சம் பொன்னிறம் கலந்த, மணிமணியான பழுப்பு. சாயம் என்றால் இப்படிக் கட்டி கட்டியாக மினுங்காது. ஆன்டிபாடி போடாத கன்ட்ரோல் ஸ்லைடை அன்று சாயங்காலம் எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே பழுப்பு. அந்த ஸ்லைடை நான் முன்பே பார்த்து "சரி" என்று டிக் போட்டு வைத்திருந்தேன்! இரும்புக்கான பிரஷ்யன் நீலச் சாயம் போட்டதும் அத்தனையும் நீலமாக மாறின. ஹீமோசிடரின். பழைய ரத்தச் செல்களைத் தின்ற மேக்ரோஃபேஜ்கள் சேர்த்துவைத்த இரும்பு. மாட்டின் நிணநீர்க் கணுவில் அது சாதாரணமாகக் கிடப்பதுதான். இரண்டு மாதமாக இரும்பை எண்ணியிருக்கிறேன். பிறகு பழுப்புக்குப் பதில் சிவப்பு நிறம் தரும் சாயத்துக்கு மாறி எல்லாவற்றையும் முதலிலிருந்து எண்ணினேன். கிடைத்த எண்ணிக்கை பாதிகூட இல்லை. ஆனால் என் ஆய்வேட்டில் நிற்பது அந்த எண்ணிக்கைதான்.

போர்டு தேர்வு இரண்டு கட்டம். முதல் கட்டம் பொது நோய்க்குறியியல், அதில் முதல் தடவையிலேயே தேறிவிட்டேன். இரண்டாம் கட்டத்தில் ஒரு தடவை தோற்றேன். படித்தது போதாமல் தோற்கவில்லை. சமையலறைச் சுவர் முழுக்க அட்டை ஒட்டி, அரிசி கழுவும்போதுகூட மான், மீன், கிளி, முயல் என்று அவற்றின் நோய்ப் பெயர்களை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். படத்தைக் கண்டதும் பெயர் வந்துவிடும் அளவுக்குப் படித்ததுதான் வினையானது என்று நினைக்கிறேன். அடுத்த தடவை அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, தினமும் இரண்டு ஸ்லைடு, ஒவ்வொன்றுக்கும் கையால் எழுதிய விவரிப்பு, பெயர் கடைசி வரியில். நாலு மாதம் அவ்வளவுதான்.

முடிவு மின்னஞ்சலில் வந்தபோது பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். தேறியிருந்தேன். அம்மாவுக்குப் போன் செய்தால் அங்கே நடு ராத்திரி. சரி, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று கூடத்துக்குள் போனேன். அன்று என் முறை. மேசையில் ஒட்டகக் குடும்பத்து லாமா ஒன்று காத்திருந்தது.