அமுச்சியின் அவிநாசி

"காசிக்கு வாசி அவிநாசி" என்பது எங்கள் பக்கத்துச் சொலவடை. அமுச்சி, அதாவது என் அம்மாவின் அம்மா, காசிக்குப் போனதில்லை. போக வேண்டும் என்று ஆசைப்பட்டதும் இல்லை. அவிநாசிக் கோயிலுக்குள் இருக்கும் காசிக் கிணற்றைக் காட்டி, "கெங்கையே இங்க வந்து கெடக்கறா, நான் எதுக்குச் சாமி ரயிலேறிப் போகோணும்" என்பார். சித்திரைத் தேர் என்றால் ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை. மற்ற நாட்களில் திங்கட்கிழமை, அமாவாசை என்று எப்போது தோன்றுகிறதோ அப்போது பஸ் ஏறிவிடுவார். வெள்ளைச்சேலை, மஞ்சப்பை, அதற்குள் ஒரு பாட்டிலில் விளக்கெண்ணெய். அவ்வளவுதான் அவருடைய யாத்திரை.

இந்தத் தை மாதம் அவருக்குத் தலைத் திவசம், அதாவது இறந்த முதல் வருடத் திதி, வந்தது. பவானி கூடுதுறையில் திதி கொடுத்துவிட்டு, அப்படியே அவிநாசிக்குப் போய்க் கும்பிட்டு ஊர் திரும்பலாம் என்று சொன்னவர் மாமா. அம்மாவும் சின்னம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா அவிநாசிக் கோயிலுக்குள் வந்து எங்களில் யாரும் பார்த்ததில்லை. தேருக்கு வருவார், வடம் பிடிப்பார், ரத வீதியோடு திரும்பிவிடுவார். ஏன் என்று யாரும் கேட்டதும் இல்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும்.

விடிவதற்கு முன்பே கூடுதுறைக்குப் போய்விட்டோம். காவிரியும் பவானியும் சேரும் இடம். கண்ணுக்குத் தெரியாமல் அமுத நதியும் வந்து சேர்கிறது என்பது ஐதீகம். திருநணா என்ற பெயரில் சம்பந்தர் பாடிய தலம். கொங்குநாட்டில் தேவாரப் பாடல் பெற்ற ஏழு தலங்களில் இதுவும் ஒன்று, அவிநாசியும் ஒன்று. தை மாதத்துப் பனியில் தண்ணீர் கணுக்காலைக் கடித்தது. மாமா ஈர வேட்டியோடு உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் விட்டார். அறுபத்தெட்டு வயதில் கீழே சம்மணம் போட்டு உட்கார முழங்கால் இடம் கொடுக்கவில்லை. முக்காலி போட்டுக்கொள்ளச் சொன்னோம். வேண்டாம் என்றுவிட்டார்.

திதி முடிந்து சங்கமேஸ்வரரைக் கும்பிட்டு, வேதநாயகி சன்னதியில் நின்றோம். இங்கே வந்தால் அமுச்சி தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் கலெக்டராக இருந்த வில்லியம் காரோ மாளிகையில் தூங்கிக்கொண்டிருந்தபோது, வேதநாயகி ஒரு சிறுமியாக வந்து எழுப்பி வெளியே கூட்டி வந்தாளாம். வந்ததும் கட்டடம் இடிந்து விழுந்ததாம். அந்த நன்றிக்கு 1804-இல் அவர் அம்மனுக்குக் கொடுத்த தந்தக் கட்டில் கோயிலில் இருக்கிறது. இந்தக் கதையில் அமுச்சிக்குப் பிடித்த இடம் வேறு: "அவன் எந்தச் சாமியக் கும்புடறவன்னு அவ கேட்டாளா? போய் எழுப்புனா."

அங்கிருந்து கோவை போகும் தேசிய நெடுஞ்சாலையில் பெருந்துறை, செங்கப்பள்ளி வழியாக அவிநாசி. இந்த வழியில் எங்களோடு கூடவே ஒரு ஆறும் வந்தது என்று சொன்னால் அது மிகையில்லை. பவானி ஆற்றில் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாகப் போகும் தண்ணீரை எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வைத்து மேட்டுக்கு ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்புகிறார்கள். அதுதான் அத்திக்கடவு - அவிநாசித் திட்டம். 1.5 டி.எம்.சி. தண்ணீர். வேறு ஊர்க்காரர்களுக்கு இது ஒரு அரசாங்கத் திட்டத்தின் பெயர். எங்களுக்கு அது அமுச்சியின் வாழ்நாள் முழுக்க வீட்டில் புழங்கிய ஒரு பேச்சு. கல்யாணமாகி வந்த கொஞ்ச வருடத்திலிருந்தே "அத்திக்கடவுத் தண்ணி வந்துரும்" என்று கேட்டுக்கொண்டே வந்தவர். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கிணறு வற்றியது, ஆழ்துளைக் கிணறு போட்டார்கள், அதுவும் ஆயிரம் அடிக்குக் கீழே போய்ப் புழுதியைக் கக்கியது. 2024 ஆகஸ்ட் 17-ஆம் தேதி திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். எங்கள் ஊர்க் குட்டைக்குக் குழாயில் தண்ணீர் வந்த அன்று அமுச்சியை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். தேங்காய் உடைத்து, பூவைத் தண்ணீரில் விட்டார். "இத்தன நாள் கழிச்சு வந்தியே" என்று ஒரு குறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "வா ஆத்தா" என்றார்.

அமுச்சியை அப்படியே சொல்வதென்றால் இந்த இரண்டு சொல்லே போதும். ஆனால் இதற்குப் பின்னால் இருந்தது என்ன என்று சொல்லாமல் விட்டால், ஏதோ சாதுவான பாட்டி என்று தோன்றிவிடும். சாதுவே இல்லை. ரொம்பக் கெட்டியான மனுஷி.

மாமாவுக்கு ஒரு அண்ணன் இருந்தார். ஏழு வயதில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் போய்விட்டார். அறுபதுகளின் தொடக்கம் அது. மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஏற்றம் ஓடிக்கொண்டிருந்த காலம். பையன்கள் இரண்டு பேரும் மத்தியானத்தில் குளிக்கப் போனார்கள். ஏழு வயதுக்காரன் வழுக்கி விழ, ஐந்து வயதுக்காரன் காட்டுக்குள் ஓடிப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். வந்து பயனில்லை. ஐந்து வயதுக்காரன்தான் எங்கள் மாமா.

அடுத்த வருடம் மாமாவுக்குக் காதுகுத்துச் சீர் வைத்தார் அமுச்சி. சாவு விழுந்த வீட்டில் இவ்வளவு சீக்கிரம் மேளமா என்று பங்காளிகள் முகம் சுளித்தார்களாம். "அழுகறதுக்கு ராத்திரி இருக்குதுங்க. பையனுக்குச் சீரப் பகல்லதான் பண்ணோணும்" என்று அமுச்சி சொன்னதாக அம்மா சொல்லும்போதெல்லாம் அம்மாவுக்குத் தொண்டை அடைக்கும். அப்புறம் அம்மாவும் சின்னம்மாவும் பிறந்தார்கள். சின்னம்மா தொட்டிலில் இருக்கும்போது அப்புச்சி, அமுச்சியின் கணவர், போய்ச் சேர்ந்தார். முப்பது வயதுக்குள் வெள்ளைச்சேலை. மேட்டாங்காட்டில் சோளமும் கடலையும் போட்டு, எருமை வைத்து, விடியக்காலையில் பால் ஊற்றி, மூன்று பேரையும் படிக்க வைத்தார். மழை பொய்த்த வருடங்களில் திருப்பூருக்கு பஸ் ஏறி பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினார். எழுபது வயதுக்கு மேலும் கட்டுக்கட்டாக பனியனை வீட்டுக்கு வாங்கி வந்து திண்ணையில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவர். பள்ளி விடுமுறையில் நாங்களும் கத்தரியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துகொள்வோம்.

அவிநாசிக்கு உச்சி காலப் பூசைக்கு முன்பே வந்து சேர்ந்தோம். கோயிலுக்கு முன்னால் நிற்கும் தீபஸ்தம்பத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே நுழையும்போது மாமா கொஞ்சம் பின்தங்கினார். நானும் அவரோடு நின்றேன். கல்லில் முதலை, அதன் வாயிலிருந்து வெளியே வரும் பிள்ளை. மாமா இந்தக் கோயிலுக்குள் வராமல் இருந்தது இதற்காகத்தான்.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அவிநாசிக்குப் பழைய பெயர் புக்கொளியூர். சேரமான் பெருமாளைப் பார்க்கப் போகும் வழியில் சுந்தரர் இந்த ஊர்த் தெருவில் வருகிறார். ஒரு வீட்டில் மங்கல ஒலி, எதிர்வீட்டில் அழுகை. விசாரிக்கிறார். ஐந்து வயதுப் பிள்ளைகள் இருவர் குளத்தில் குளிக்கப் போனபோது ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. தப்பிய பிள்ளைக்கு இன்று பூணூல் கல்யாணம். சுந்தரர் குளக்கரைக்குப் போய்ப் பதிகம் பாடுகிறார். "கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச் சொல்லு காலனையே" என்று நான்காம் பாட்டைப் பாடியதும், முதலை பிள்ளையைக் கொண்டுவந்து கரையில் விடுகிறது. அதுவும் போன வருடங்களுக்கும் சேர்த்து வளர்ந்த பிள்ளையாக.

எல்லோரும் இந்த அற்புதத்தோடு கதையை நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் பெரியபுராணத்தில் சேக்கிழார் நடுவில் ஒரு இடத்தில் நின்று நிதானிக்கிறார். சுந்தரர் வந்திருக்கிறார் என்று கேட்டதும், பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தாய் தகப்பன் அழுகையை விட்டுவிட்டு முகம் மலர்ந்து ஓடிவந்து கும்பிடுகிறார்கள். சுந்தரரே திகைத்து, மகனை இழந்தவர்கள் நீங்கள்தானா என்று கேட்கிறார். அது எப்போதோ நடந்து போனது. உங்களை வணங்க வேண்டும் என்று இருந்தோம், அந்த அன்பு வீண்போகாமல் நீங்களே வந்துவிட்டீர்கள் என்கிறார்கள். பிள்ளையை மீட்டுத் தாருங்கள் என்று அவர்கள் வாய்திறந்து கேட்கவே இல்லை. சுந்தரரை உருக்கியது அதுதான். அவராகவேதான் குளம் எங்கே என்று கேட்டுப் போகிறார்.

அமுச்சிக்குப் படிக்கத் தெரியாது. பெரியபுராணத்தை ஓதுவார்களும் சொற்பொழிவுக்காரர்களும் சொல்லக் கேட்டதுதான். ஆனால் அந்தத் தாயை அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. கதையில் மங்கலமும் அழுகையும் எதிரெதிர் வீட்டில். அமுச்சிக்கு இரண்டும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில். முதலை வாயிலிருந்து பிள்ளை திரும்பி வந்த கோயிலுக்கு, பிள்ளை திரும்பி வராத ஒருத்தி அறுபது வருடம் எப்படிப் போனாள் என்பது எனக்குப் பல காலம் விளங்கவில்லை. சின்ன வயதில் ஒருநாள் கேட்டே விட்டேன். "உம்பட பையனையும் குடுன்னு சாமிகிட்ட கேட்டியா அமுச்சி?" கோபப்படவில்லை. "சாமிகிட்ட எதையும் கேக்கப்படாது கண்ணு. வந்திருக்கறேன்னு சொல்லோணும். அவ்வளவுதான்."

அர்ச்சனையும் அப்படித்தான். குருக்கள் பேர், நட்சத்திரம் கேட்டால், "சாமி பேருக்கே பண்ணிருங்க" என்பார். பேரன் பேத்திக்குப் பரீட்சையாக இருந்தாலும் சரி, மாமாவுக்கு இதய ஆபரேஷன் நடந்த வாரமாக இருந்தாலும் சரி, சாமி பேருக்குத்தான். இந்த முறை குருக்கள் கேட்டபோது அம்மா பதில் சொல்லத் தயங்கினார். பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது: "சாமி பேருக்கே பண்ணுங்க."

கருணாம்பிகை சன்னதி சுவாமிக்கு வலப்பக்கம். அங்கே தீபாராதனை பார்த்துவிட்டுப் பிரகாரத்தில் உட்கார்ந்தோம். பாதிரி மரத்தடியில் சின்னம்மா பொட்டலம் பிரித்துப் பொரிகடலை கொடுத்தார். அமுச்சி எப்போதும் உட்காரும் இடம் அது. கால் நீட்டிச் சாய்ந்துகொண்டு, வந்து போகிறவர்களை எல்லாம் எந்த ஊர் என்று விசாரிப்பார். அவரிடம் பேசிப் பழகி எங்கள் வீட்டுக்கு ஒறம்பரையாகவே, சொந்தக்காரர்களாகவே, வந்துபோன குடும்பங்கள் உண்டு.

மாமா தானாகப் பேச ஆரம்பித்தார். "அறுபத்து மூணு வருசம். ஒரு நாளாச்சும், நீ எங்கடா நின்னே, ஏண்டா கையப் புடிக்கலைன்னு அம்மா என்னைக் கேட்டிருக்கோணுமல்ல? கேட்டதே இல்ல. கேட்டிருந்தா அழுதிருப்பேன். கேக்காம வுட்டதுக்கு என்ன செய்யறதுன்னுதான் எனக்குத் தெரியல."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, அண்ணனக் கிணத்துல வுட்டுட்டு வந்தவன்னு அம்மா உன்னைய நெனச்சிருந்தாத்தான கேக்கும்" என்றார்.

சாமியிடம் ஒன்றும் கேட்காத அதே வாய்தான் மாமாவிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பாதிரி மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோதுதான் இந்த இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. அது மறதி அல்ல. பெரிய மகனின் டவுசர் ஒன்றை டிரங்குப் பெட்டியின் அடியில் கடைசிவரை வைத்திருந்தவர் அவர். மறந்தவர் யாரும் அப்படி வைத்திருக்க மாட்டார்கள். இருந்ததை எல்லாம் தானே சுமந்துகொண்டார், கீழே நின்ற ஐந்து வயதுப் பிள்ளையின் தலையில் ஒரு பிடியைக்கூட ஏற்றவில்லை. இதற்கு எவ்வளவு பலம் வேண்டும்! அந்தப் பலத்தைத்தான் தேருக்குத் தேர் இங்கே வந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார் என்று நம்புகிறேன்.

வெளியே வந்ததும் தாமரைக் குளக்கரைக்குப் போகலாம் என்றார் மாமா. முதலை பிள்ளையைத் தந்த இடம் என்று சொல்லப்படும் அங்கே சுந்தரருக்குக் கோயில் இருக்கிறது. அம்மா மஞ்சப்பையிலிருந்து எண்ணெயை எடுத்துக் கொடுக்க, மாமா இரண்டு விளக்கு ஏற்றினார். ஒன்று அமுச்சிக்கு. இன்னொன்று யாருக்கு என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணனுக்கு அவர் ஏற்றிய முதல் விளக்கு அது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊருக்கே வந்துவிட்டோம். சின்னம்மா அரிசிம்பருப்பு சாதம் வைத்தார். அமுச்சி கைப்பக்குவத்துக்குக் கிட்டத்தில் வந்திருந்தது, நெய் மட்டும் அவர் அளவுக்கு ஊற்ற யாருக்கும் கை வரவில்லை. சாப்பிட்டு முடித்ததும் மாமா காலண்டரைக் கீழே எடுத்துவைத்துச் சித்திரைத் தேர் எந்தத் தேதி என்று பார்த்தார். பெங்களூரில் இருக்கும் என் தங்கை, கோபியில் இருக்கும் பெரிய பேரன் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இந்த வருடம் எல்லோரும் முதல் நாளே வந்துவிட வேண்டும், காலையில் உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் வடம் தொட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.