அடிப்பலகை புதுசு, நிறம் பழசு

1950களில் கிறிஸ்-கிராஃப்ட் நிறுவனம் செய்த மஹோகனி மரப் படகு ஒன்றைச் சீரமைத்துக்கொண்டிருக்கிறேன். அடிப்பாகத்தில் முதலில் இருந்தது இரண்டு அடுக்குப் பலகை, நடுவே கான்வாஸ் துணி. தண்ணீரில் ஊறிப் பலகை வீங்கினால்தான் கசிவு நிற்கும். நான் த்ரீஎம் 5200 பசை போட்டுப் புது அடிப்பலகை வைத்துவிட்டேன். அசல் போய்விட்டது என்பார்கள், அது உண்மைதான், அந்தப் பசை பிடித்த பலகையைப் பிறகு உடைக்காமல் பிரிப்பதும் பெரும்பாடு, ஆனாலும் இந்தப் படகு வருடா வருடம் தண்ணீரில் ஓட வேண்டும் என்பதுதான் என் ஆசை. படகின் அடியில் தேங்கும் ஆவியை வெளியே தள்ளும் விசிறி, அதாவது பில்ஜ் புளோயர், அது வேண்டுமா என்பதில் விவாதமே கிடையாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் போய்த் தேங்கும், ஒரு பொறி போதும்.

நிறத்தில்தான் தடுமாறினேன். எனக்குப் பிடித்தது தேன் நிறம். ஒருநாள் டெக்கில் இருந்த க்ளீட்டை, அதாவது கயிறு கட்டும் உலோகக் கொக்கியை, கழற்றினால், வெயிலே படாத இடத்தில் அடர்ந்த செம்பழுப்புச் சாயம் அப்படியே இருக்கிறது! அதைப் பார்த்த பிறகு என் தேன் நிறத்தை வைக்க மனம் வரவில்லை. சாயம் மரத்துளைகளில் இறங்கிவிட்டால் முழுதாக எடுக்க முடியாது, தேய்த்துத் தேய்த்துப் பலகைதான் மெலியும். இருக்கை உறைக்கு மட்டும் எனக்குப் பிடித்த பச்சை. பழைய உறையைச் சுருட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறேன், அடுத்து வருபவர் வேண்டுமானால் மாட்டிக்கொள்ளட்டும்.

அப்புறம் வார்னிஷ். இப்போது 7ஆவது பூச்சு காய்ந்துகொண்டிருக்கிறது.