மேற்பார்வையாளர்களுக்குக் கோச்சிங்: சுங்கை சிப்புட் பட்டறை ஒன்றின் அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து செம்பனை (எண்ணெய்ப் பனை) குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லோரிகளும், அத்தோட்டங்களின் டிராக்டர்களைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையும் கொண்டது எங்கள் குடும்ப நிறுவனம். அண்ணன் முதலாளி. சம்பளம், சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புச் சந்தா, சேமநிதி, ஆள் சேர்ப்பு ஆகியவை என் பொறுப்பு. அப்பா இரண்டு லோரிகளோடு தொடங்கிய தொழில், முப்பது பேருக்கு மேல் வேலை செய்யும் இடமாக வளர்ந்த பிறகும், ஒரு டயர் வாங்குவதற்குக்கூட அண்ணன் தலையசைக்க வேண்டியிருந்தது. வெட்டிய குலைகளை ஏறத்தாழ 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடித் தரம் குறைந்துவிடும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும், அண்ணன் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்த நாளில், ஹைட்ராலிக் பம்புக்கு ஒரு சீல் வாங்க யாரும் துணியாததால், குலை நிறைந்த டிரெய்லரோடு டிராக்டர் ஒன்று மாலைவரை தோட்டத்துச் சாலையில் நின்றது.

எங்கள் மேற்பார்வையாளர்கள் திறமைசாலிகள். ஆனால் அவர்களுடைய தகப்பன்மார்கள் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள். தோட்ட நிர்வாகியான பெரிய துரையின் கட்டளை, கணக்கரான கிராணி வழியாக ஆட்களை மேய்க்கும் கங்காணிக்கு வந்து, விடியற்காலைப் பிரட்டில் (ஆட்களைக் கூட்டிப் பெயர் எடுக்கும் இடத்தில்) ஆட்களைச் சேரும். நடுவில் நிற்பவரின் வேலை, மேலிருந்து வந்ததைக் கீழே சொல்வதும், கீழே நடந்த தவறுக்கு மேலே திட்டு வாங்குவதும்தான். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதற்கு அந்த ஒழுங்கு போதுமானதாக இருந்திருக்கலாம். பட்டறையில், டிராக்டருக்கு அடியில் படுத்திருப்பவர்தான் முடிவெடுக்க வேண்டும். சுங்கை சிப்புட்டில் வளர்ந்த எத்தனையோ சிறு நிறுவனங்கள் இந்த இடத்தில்தான் தேங்கி நிற்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2025 பிப்ரவரி 1 முதல், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்களில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அது நியாயமான உயர்வு. ஆனால் புதிதாகச் சேர்ந்த உதவியாளுக்கும் பல ஆண்டு அனுபவமுள்ள மெக்கானிக்குக்கும் இடையிலான இடைவெளி சுருங்கிவிட்டது. பழைய மெக்கானிக் ஒருவர் சம்பளச் சீட்டை என் மேசைமேல் வைத்து, "அக்கா, நேத்து வந்த பையனுக்கும் எனக்கும் இவ்வளவுதானா வித்தியாசம்?" என்று கேட்டார். அவருக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்க முடிந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில் அவர் எந்த நிலைக்கு வரலாம், அதற்கு அவர் என்ன செய்ய வேண்டும் என்று காட்டத்தான் எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை. அண்ணனுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் கோச்சிங் (கேள்விகள் வழியாக ஒருவர் தாமே வழி காண உதவும் பயிற்சி), அதோடு ஊழியர்களுக்கான தொழில் முன்னேற்றப் பாதை ஆகிய இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும் என்று அன்று தீர்மானித்தேன். மேலே இருப்பவரை மட்டும் மெருகேற்றிவிட்டுக் கீழே ஏணியே வைக்காத பயிற்சியால் எங்களைப் போன்றவர்களுக்குப் பயனில்லை.

பணத்துக்கு முதலில், முதலாளிகளிடம் லெவி என்னும் பங்களிப்பை வாங்கி ஊழியர் பயிற்சிக்குக் கொடுக்கும் அரசு அமைப்பான எச்ஆர்டி கார்ப் பக்கம் பார்த்தேன். 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள், அடிப்படைச் சம்பளமும் நிலையான அலவன்ஸும் சேர்ந்த தொகையில் மாதந்தோறும் 1 விழுக்காட்டை லெவியாகச் செலுத்த வேண்டும். ஐந்து முதல் ஒன்பது பேர் உள்ளவர்கள் விரும்பினால் 0.5 விழுக்காடு செலுத்திப் பதிந்துகொள்ளலாம். இதை ஊழியர் சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாது. 2021 மார்ச்சில் சட்டம் மேலும் பல துறைகளுக்கு விரிவுபடுத்தப்பட்டதிலிருந்து இந்த வளையத்துக்குள் வந்த சிறு முதலாளிகள் பலர், லெவியை இன்னொரு வரியாக எண்ணிக் கட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அது உங்கள் நிறுவனத்தின் பெயரில் சேரும் பயிற்சிப் பணம். பதிவு பெற்ற பயிற்சி நிறுவனத்திடமிருந்து பாடத்திட்டம், கால அட்டவணை, விலைப்பட்டியல் ஆகியவற்றை வாங்கி, பங்கேற்பவர்களின் பட்டியலோடு இணையத்தில் விண்ணப்பித்து, வகுப்பு தொடங்கும் முன்பே ஒப்புதல் பெற்றாக வேண்டும். வகுப்பை நடத்தி முடித்துவிட்டுப் பிறகு பணம் கேட்க வழியில்லை. மேற்பார்வையாளர்களுக்கான குழு வகுப்பை இந்த முறையில் நடத்தினோம். தனிநபர் கோச்சிங்குக்கு மட்டும் நிறுவனத்தின் கையிலிருந்தே கொடுத்தோம். அந்த உரையாடல்களைச் சுற்றி எந்தக் கோப்பும் சேரக் கூடாது என்று நான் விரும்பினேன்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிக நேரம் போயிற்று. தொலைபேசியில் பேசியவர்களில் ஒருவர், நிறுவனம் என்ன செய்கிறது என்று கேட்பதற்கு முன்பே, "லெவியில எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்று கேட்டார். அத்துடன் அவரை விட்டுவிட்டேன். 1995இல் தொடங்கப்பட்ட சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பான ஐசிஎஃப் வழங்கும் தகுதிகளை அளவுகோலாக வைத்துக்கொண்டது உதவியது. அதன் முதல் நிலைக்குக் குறைந்தது 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேர கோச்சிங் அனுபவமும் வேண்டும். அடுத்த நிலைக்கு 125 மணி நேரப் படிப்பும் 500 மணி நேர அனுபவமும் வேண்டும். மேடையில் நன்றாகப் பேசும் பலரிடம் இந்தத் தகுதி இருப்பதில்லை. நாங்கள் தேர்ந்தெடுத்த ஈப்போ அம்மையாரிடம் இரண்டாம் நிலைத் தகுதி இருந்தது. அதைவிட முக்கியமாக, அவர் தமிழிலும் மலாயிலும் தயக்கமின்றிப் பேசினார். ஒரு மனிதர் தன் பயத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில், அவருக்கு வராத மொழியைத் திணிக்கக் கூடாது.

ஒப்பந்தம் எழுதிய நாளில்தான் சிக்கல் வந்தது. பணம் கொடுப்பவர் அண்ணன். கோச்சோடு அமர்ந்து பேசப்போகிறவர்கள் மேற்பார்வையாளர்கள். யாருக்கு எது தெரியலாம் என்பதை மூன்று தரப்பும் ஒரே மேசையில் பேசி எழுதிக்கொள்ள வேண்டும் என்று கோச் கேட்டார். இலக்கு என்ன, சந்திப்புகள் நடந்தனவா என்ற இரண்டும் மட்டுமே அண்ணனுக்குத் தெரிவிக்கப்படும். முன்னேற்றத்தை மேற்பார்வையாளர் தாமே சொல்வார். பேச்சின் உள்ளடக்கம் வெளியே போகாது. அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மத்ததெல்லாம் வேணாம்மா. யாரு வேலையை விடப் போறான்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார். கோச் புன்னகையோடு, "அதைச் சொன்னா, அடுத்த சந்திப்புல யாரும் எங்கிட்ட உண்மை பேச மாட்டாங்க, ஐயா. உங்க பணமும் வீணாப் போயிடும்" என்று சொல்லிப் பேனாவை அண்ணன் பக்கம் நகர்த்தினார். அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

பேச்சு வெளியே போகாது என்ற இந்த வாசகம், பெரிய நகரத்து நிறுவனங்களைவிட எங்கள் ஊருக்குப் பல மடங்கு தேவை. மேற்பார்வையாளர்களில் ஒருவர் என் கணவருக்குச் சித்தப்பா மகன். இன்னொருவர் அண்ணனோடு கோயில் நிர்வாகக் குழுவில் இருக்கிறார். அலுவலகத்தில் ஒருவரைத் தனியாக அழைத்துப் பேசினால், மாலைத் தேநீருக்குள் அது பல வீடுகளுக்குப் போய்விடும். ஆகவே பகல் நேரத்தில் காலியாகக் கிடக்கும் ஒரு டியூஷன் சென்டரின் மாடி அறையை வாடகைக்கு எடுத்தோம். பள்ளிப் பிள்ளைகளின் குட்டை மேசைகளுக்கு நடுவே அமர்ந்ததாலோ என்னவோ, மேற்பார்வையாளர்கள் கோச்சை "டீச்சர்" என்றே அழைக்கத் தொடங்கினார்கள்.

உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. பட்டறைப் பொறுப்பாளர் தாமாகச் சொல்லி, எழுத அனுமதித்ததை மட்டும் இங்கே பகிர்கிறேன். ஜான் விட்மோரும் அவருடைய சகாக்களும் 1980களில் உருவாக்கிய 'க்ரோ' என்னும் முறையில்தான் கேள்விகள் சென்றனவாம்: எதை அடைய வேண்டும், இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழிகள் உள்ளன, எதை எப்போது செய்யப் போகிறீர்கள். இரண்டாவது கேள்வியில் பொறுப்பாளர், "முதலாளி சொன்னாத்தான் டீச்சர் எதையும் செய்ய முடியும்" என்று சொல்லியிருக்கிறார். "முதலாளி சொல்லாமலே நீங்க முடிவெடுத்த வேலை ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டு, கோச் பதிலுக்காக வெகுநேரம் பேசாமல் காத்திருந்தாராம். கடைசியில், மழை வெள்ளத்தில் சிக்கிய ஒரு லோரியை யாரையும் கேட்காமல் பக்கத்துத் தோட்டத்து டிராக்டரை வரவழைத்து இழுத்ததை இவர் நினைவுகூர்ந்திருக்கிறார். "அன்னைக்கு நான் யாரு, இன்னைக்கு நான் யாருன்னு கேட்டாங்க அக்கா. வீட்டுக்குப் போயும் அதேதான் ஓடிச்சு" என்று சொன்னார்.

அடுத்து அண்ணனிடம் பட்டறைப் பொறுப்பாளர் கேட்டது, உதிரிப் பாகங்களுக்கு 1,500 ரிங்கிட் வரை தாமே வாங்கும் அதிகாரம். அண்ணனின் கோச்சிங்கில், தமக்கு வரும் தொலைபேசி அழைப்புகளைச் சில வாரங்கள் நோட்டில் குறித்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். வேறொருவர் முடிவெடுத்திருக்கக்கூடிய அழைப்புகளே அந்த நோட்டில் அதிகம். அதனால் கோரிக்கை வந்தபோது பெரிய வாதம் எழவில்லை. அதிகார வரம்பை எழுத்தில் கொடுத்து, கடைக்காரர்களுக்கும் அறிவித்தோம். வாயால் கொடுத்த அதிகாரத்தை முதல் கோபத்திலேயே திரும்பப் பெற்றுவிடுவார்கள் என்பதால் எழுத்தில் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

ஏணி கட்டும் வேலை என்னுடையது. உதவியாள், மெக்கானிக், மூத்த மெக்கானிக், பட்டறைப் பொறுப்பாளர் என நான்கு நிலைகளை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் சம்பள வரம்பையும் தெரிந்திருக்க வேண்டிய வேலைகளையும் எழுதினேன். அதை எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழோடு இணைத்தேன். அதன் மூன்றாம் நிலை, வேலைத் திறனோடு மேற்பார்வையையும் உள்ளடக்கியது. வகுப்புக்குப் போக முடியாத அனுபவசாலிகளுக்குத் திறன் மேம்பாட்டுத் துறையின் பி.பி.டி. (முன் அனுபவத்தை அங்கீகரிக்கும்) வழி இருக்கிறது: தேசியத் தொழில்திறன் தரநிலையில் உள்ள ஒவ்வொரு திறனுக்கும் தாம் அதைச் செய்ததற்கான சான்றுகளைத் தொகுத்துக் கொடுத்தால், மதிப்பீட்டாளர்கள் அவற்றைச் சரிபார்த்து, நேரிலும் சோதித்துப் பார்ப்பார்கள்.

சம்பளச் சீட்டோடு வந்த அந்த மெக்கானிக்கின் கோப்பை நானும் உடனிருந்து தயாரித்தேன். படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்தியவர் அவர். எண்ணெய்க் கறை படிந்த பழைய வேலைச் சீட்டுகள், கியர்பாக்ஸைக் கழற்றி வரிசையாகத் துணிமேல் பரப்பியிருக்கும் படங்கள், அவர் தம் கையால் வரைந்த பிரேக் குழாய் அமைப்பு என ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். மலாயில் விளக்கம் எழுதுவதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. இடைநிலைப்பள்ளியில் படிக்கும் அவருடைய மகள் தட்டச்சு செய்து கொடுத்தாள். "இவ்வளவும் நீங்களாப்பா செஞ்சீங்க?" என்று அவள் கேட்டதாகச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமிதத்தை எந்தச் சம்பள உயர்வும் கொண்டுவந்ததில்லை. சான்றிதழ் கிடைத்தபின் அவரை மூத்த மெக்கானிக் நிலைக்கு உயர்த்தினோம்.

எல்லாம் கைகூடிவிடவில்லை. லோரிப் பிரிவு மேற்பார்வையாளர் கோச்சிங் முடியும் முன்பே ஒரு பெரிய தோட்ட நிறுவனத்துக்குப் போய்விட்டார். கோச்சுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்குமே என்று அண்ணன் வருத்தப்பட்டார். ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினேன். போனவர் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து, ஒவ்வொரு தோட்டத்திலும் எடை போடும் நேரம், பாலம் பலவீனமான சாலைகள், ஓட்டுநர்களின் விடுமுறை ஒழுங்கு எல்லாவற்றையும் அடுத்தவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். இதற்கு முன் எங்களை விட்டுப் போனவர்கள், சம்பளம் வாங்கிய மறுநாள் தொலைபேசியை அணைத்துவிட்டுப் போனவர்கள்.

அவர் போன பிறகு, ஏணியில் இருந்த ஓட்டை கண்ணுக்குத் தெரிந்தது. பட்டறைக்கு நான்கு நிலைகள் வகுத்த நாங்கள், ஓட்டுநர்களுக்கு எதையும் வகுக்கவில்லை. கனரக உரிமமும், சரக்கு வாகனம் ஓட்டுவதற்கான ஜிடிஎல் உரிமமும் எடுத்த பிறகு, ஐம்பது வயதுவரை அதே இருக்கைதான். பயணத் திட்டமிடுபவர், பாதுகாப்புப் பொறுப்பாளர், புதிய ஓட்டுநர்களுக்குப் பழக்கிவிடுபவர் என்ற மூன்று பணிகளை இப்போது வரையறுத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கான குழு வகுப்பின் விண்ணப்பம் எச்ஆர்டி கார்ப்பின் ஒப்புதலுக்குப் போயிருக்கிறது. தனிநபர் கோச்சிங்குக்கு முன்பிருந்த அதே மூன்று தரப்பு ஒப்பந்தத்தையே, ஒரு வரியும் மாற்றாமல், அண்ணன் மறுபடியும் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார்.