சம்மாட்டியின் கொப்பி

ஊரில் யார் கேட்டாலும் அம்மா "பிள்ளை லண்டனில படிக்குது" என்றுதான் சொல்வார். நான் இருப்பது கோல்செஸ்டரில், லண்டனிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. சமூகத் தரவும் டிஜிட்டல் பொருளாதாரமும் என் துறை. சின்னத் தொழில்களின் காசுக் கணக்கு போனுக்குள் போகும்போது யாருடைய வாழ்க்கை பதிவாகிறது, யாருடையது விடுபட்டுப் போகிறது என்று பார்க்கிறேன்.

இந்தக் கேள்வி எனக்கு வந்தது திருகோணமலையில், எரிபொருள் வரிசையில். 2022 ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் குறியீட்டு முறை வந்தபோது அப்பாவின் ஓட்டோவோடு மணிக்கணக்கில் நின்றேன். போன் இல்லாதவர்கள் அந்தக் குறியீட்டைக் கடையில் பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து, சட்டைப் பையில் வைத்திருந்தார்கள். அந்தச் சின்னக் கட்டம் இல்லாவிட்டால் வண்டி ஓடாது, வீட்டில் உலையும் ஏறாது.

உதவித்தொகை பற்றிப் பலர் கேட்கிறீர்கள். 2021 முதல் பிரித்தானிய ஆய்வுக் கழகங்களின் முழு நிதிக்கு வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் இடங்களில் 30 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டவருக்குப் போகாது. 2025-26க்குக் குறைந்தபட்ச உதவித்தொகை ஆண்டுக்கு 20,780 பவுண், அதற்கு வரி இல்லை. சரி, ஆனால் அந்தக் காசு இங்கே வந்து பதிவு செய்த பிறகுதான் கைக்கு வரும். விசாவுக்குப் போடும்போதே சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண் வீதம் முழுக் காலத்துக்கும் ஒரே தடவையில் கட்ட வேண்டும், எனக்கு 3,000க்கு மேல் போனது, விசாக் கட்டணம் வேறு. அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது அதற்காகத்தான். வருகிறவர்கள் இதை முதலே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அறை தேடல். வங்கிக் கணக்குக்கு முகவரி கேட்டார்கள், முகவரிக்கு அறை வேண்டும், அறைக்கு வங்கிக் கணக்கும் பிணை நிற்க ஓர் ஆளும் கேட்டார்கள். இந்த நாட்டில் என் பெயரில் கடனும் இல்லை, கட்டிய பில்லும் இல்லை, அதனால் நம்பிக்கையும் இல்லை. பல்கலைக்கழகக் கடிதம் ஒன்றால் மூன்று வாரத்தில் எல்லாம் சரிவந்தது. ஆனால் அந்த மூன்று வாரமும் எனக்கு திருகோணமலைச் சல்லிக் கடற்கரையில் கரைவலை (கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் பெரிய வலை) வைத்திருக்கும் பெரியப்பாவின் ஞாபகம்தான்.

பெரியப்பா சம்மாட்டி, அதாவது வலையின் சொந்தக்காரர். வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது வலை இழுப்பவர்கள் அவரிடம் முற்பணம் எடுப்பார்கள், கடல் அடங்கித் தொழில் தொடங்கியதும் பங்கிலிருந்து கழிப்பார். எல்லாம் ஒரு நாற்பது பக்கக் கொப்பியில், மீன் செதில் ஒட்டிய பக்கங்களில், பென்சிலால். அந்தக் கொப்பியில் பெயர் உள்ளவருக்குக் கடன் கிடைக்கும். வங்கிக்கோ அந்த ஆளைத் தெரியவே தெரியாது. என் ஆய்வு இந்த இடைவெளியில்தான் நிற்கிறது.

பிரித்தானியாவின் சமூகத் தரவுக் காப்பகம் 1967இலிருந்து எங்கள் வளாகத்தில்தான் இருக்கிறது. அங்கே மிக நுணுக்கமான தரவைத் தொட முன் பயிற்சி எடுத்துப் பரீட்சை எழுத வேண்டும். முடிவுகளை வெளியே கொண்டுபோக முன் ஒருவர் சரிபார்ப்பார், ஆளை அடையாளம் காட்டக்கூடிய சின்ன எண்ணிக்கை இருந்தால் விடமாட்டார். முதலில் இது எனக்குக் கெடுபிடியாகத் தெரிந்தது. ஆனால் என் ஆய்வுக்கான அறநெறி விண்ணப்பத்தில் 'பெயர்களை எப்படி மறைப்பீர்கள்' என்ற கேள்விக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. எங்கள் பக்கம் பெயரே தேவையில்லை. 'மாரியம்மன் கோயிலுக்குப் பின் வீடு, மூன்று பெண் பிள்ளைகள்' என்றால் ஊருக்கே ஆள் யாரென்று தெரியும். அந்தப் பகுதியை ஐந்து தடவை திருத்தி எழுதினேன்.

பின்னேரங்களில் பக்கத்து ஊரான விவன்ஹோ பக்கம் நடப்பேன். அங்கே ஆற்றில் வற்று வந்தால் தண்ணீர் முழுக்க இறங்கி, படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும். எங்கள் கரையில் கடல் அவ்வளவு தூரம் விட்டுப் போவதில்லை. முதல் நாள் பார்த்தபோது மனம் பதறியது.

அறநெறி அனுமதி போன வாரம் கிடைத்தது. குளிர்காலத்தில் ஊர் நேரம் இங்கத்தைய நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால், அதனால் நான் எழும்பும்போது பெரியப்பா மத்தியானச் சாப்பாட்டில் இருப்பார். கொப்பியில் உள்ளவர்களிடம் சம்மதம் கேட்டுவிட்டு, பெயர்களை மறைத்து ஒரு பக்கம் அனுப்பச் சொன்னேன். பெயர் வரிசையின் மேல் மடித்த பேப்பர் துண்டை வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ஒரு வரியில் தொகைக்குப் பக்கத்தில் 'பிள்ளைப்பேறு, திருப்பிக் கேட்கிறதில்லை' என்று எழுதியிருந்தது.

என் அட்டவணையில் கடன், முற்பணம், பங்கு என்று மூன்று பத்திகள்தான் இருக்கின்றன. இந்த வரியை எதில் போடுவது என்று வியாழக்கிழமை மேற்பார்வையாளரிடம் கேட்கப்போகிறேன்.